மாதம் 11,000 பேர் வந்தார்கள், ஒருவர்கூட வாங்கவில்லை

சொந்தமாக ஒரு மென்பொருள் செய்து விற்கிறேன். உதிரிபாகம் விற்பவர்கள், சின்ன அளவில் கிடங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் சரக்கு இருப்பைக் கணக்கு வைத்துக்கொள்ள உதவுவது, அவ்வளவுதான். 2022 அக்டோபரில் வேலையை விட்டபோது 18 மாதம் வீட்டை ஓட்டக்கூடிய சேமிப்பு கையில் இருந்தது. மென்பொருள் ஜனவரியில் தயாராகிவிட்டது. விளம்பரத்துக்குக் காசு கொட்ட முடியாது, போய்ப் பார்த்து விற்க ஆள் இல்லை, அதனால் கன்டென்ட் மார்க்கெட்டிங்தான், அதாவது பயனுள்ள கட்டுரைகள் எழுதிப் போட்டு வாடிக்கையாளர்களை வரவைப்பதுதான் வழி என்று முடிவு செய்தேன். எழுதுவதற்குக் காசு வேண்டாமே என்ற நினைப்புதான். அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்தச் சேமிப்பில் கிட்டத்தட்ட பாதி இதற்கே போனது. யாராவது முன்னமே உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது, அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் கூத்தைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. வேர்ட்பிரஸில் தளத்தை அமைக்கும்போது, வேலை பாதியில் இருக்கிறதே, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ‘தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். தளத்தைத் திறந்தபோது அதை எடுக்க மறந்துபோனது. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை, இரண்டரை மாதம், இரவு பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஈ காக்கை வரவில்லை. புதுத் தளம் என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுமை வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று நானும் பொறுமையாக இருந்தேன். ஒருநாள் வேறு எதற்கோ செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தபோது அந்த டிக் என்னைப் பார்த்துச் சிரித்தது. நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் முதல் நாளே கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்துவிடுங்கள், இலவசம்தான். உங்கள் பக்கம் இன்டெக்ஸ் ஆகியிருக்கிறதா, அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் சேர்ந்திருக்கிறதா இல்லையா, இல்லை என்றால் என்ன காரணம் என்று அதுவே சொல்லும். பொறுமையாக இருப்பதற்கு முன்னால் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

டிக்கை எடுத்த பிறகு வாரம் மூன்று கட்டுரை என்று கணக்கு வைத்துக்கொண்டு எழுதினேன். எதைப் பற்றி எழுதுவது? கீவேர்ட் கருவி ஒன்றில் சந்தா கட்டி, எந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்த்து, பெரிய எண் உள்ளதையெல்லாம் எடுத்துக்கொண்டேன். என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் எக்செல் பயன்படுத்துபவர்கள், எனவே எக்செல் பற்றி எழுதினால் வருவார்கள் என்பது என் தர்க்கம். மே மாதம் எக்செல்லில் தேதி தாறுமாறாக மாறிவிடுவதை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு கட்டுரை போட்டேன். அது பிடித்துக்கொண்டது. சில மாதங்களில் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மாதம் 11,000 பேர் வந்தார்கள். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே அந்த வரைபடத்தைத் திறந்து பார்ப்பேன், கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும், ஏதோ சாதித்துவிட்டது போல இருக்கும். வந்தவர்கள் யார் என்று மட்டும் யோசிக்கவே இல்லை. தேர்வுக்குப் படிக்கும் மாணவர், அலுவலகத்தில் அறிக்கை தயாரிப்பவர், யாரோ ஒரு கணக்காளர். தேதியைச் சரிசெய்யும் வழியைப் பார்த்தார்கள், நாற்பது நொடியில் போய்விட்டார்கள். அவர்களிடம் கிடங்கே கிடையாது, நான் எதை விற்றால் அவர்களுக்கு என்ன? அந்த 11,000 பேரில் ஒருவர்கூட டெமோ கேட்கவில்லை.

இந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், கட்டுரை போதவில்லை, இன்னும் நிறைய வேண்டும் என்று கட்டுரை எழுதித் தரும் ஒரு ஏஜென்சியைப் பிடித்தேன். ஆறு மாத ஒப்பந்தம், மாதம் 20 கட்டுரை. முதல் சந்திப்பில் அழகான ஸ்லைடுகள் காட்டினார்கள். 1895-ல் விவசாயக் கருவிகள் செய்யும் ஜான் டீர் நிறுவனம் விவசாயிகளுக்காகத் தொடங்கிய ‘தி ஃபர்ரோ’ பத்திரிகை, 1900-ல் மிஷெலின் டயர் நிறுவனம் இலவசமாக அச்சடித்துக் கொடுத்த பயணக் கையேடு. பிரான்சில் அப்போது 3,000 கார்கூட இல்லையாம், இவர்கள் 35,000 பிரதி அடித்தார்களாம். வண்டி வைத்திருப்பவன் ஊர் ஊராகச் சுற்றினால்தானே டயர் தேயும், தேய்ந்தால்தானே வாங்குவான்? டயரைப் பற்றிப் பேசாமல் பயணத்தைப் பற்றிப் பேசி டயருக்குத் தேவையை உண்டாக்கினார்கள் என்று சொன்னபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. பின்னால் நானே தேடிப் படித்தபோதுதான் அந்த ஸ்லைடில் இல்லாத விஷயம் தெரிந்தது. மிஷெலின் அந்தக் கையேட்டை 1920 வரை இலவசமாகவே கொடுத்தது, 20 வருடம். ஜான் டீர் பத்திரிகை இன்றும் வருகிறது. எனக்கு விற்கப்பட்டது ஆறு மாதம்.

ஏஜென்சி மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். சொன்னபடி 120 கட்டுரையும் கொடுத்தார்கள். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட என் வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசிவிட்டு எழுதவில்லை, அப்படிப் பேசுங்கள் என்று நானும் ஏற்பாடு செய்து கொடுக்கவில்லை. ‘சரக்கு மேலாண்மை என்றால் என்ன’, ‘சரக்கு மேலாண்மையின் 10 நன்மைகள்’, ‘இன்றைய வேகமான உலகில் சரக்கு மேலாண்மை ஏன் முக்கியம்’. முதல் பத்தியைப் படித்தால் போதும், கிடங்குக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத ஆள் எழுதியது என்று தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. மூன்றாவது மாதமே வயிற்றைக் கலக்கியது, ஆனால் ஒப்பந்தம் போட்டாயிற்று, வீட்டில் பெருமையாகச் சொல்லியாயிற்று, அதனால் கண்ணை மூடிக்கொண்டு ‘ஓகே’ போட்டுக்கொண்டே இருந்தேன். ஐந்து மாத வீட்டுச் செலவுக்கான பணம் அதில் போனது. யாரையாவது எழுத வைப்பதாக இருந்தால், உங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேருடன் அரைமணி நேரம் பேச வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வையுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். ஆறு மாதம் வேண்டாம், முதலில் இரண்டே கட்டுரைக்கு மட்டும் பணம் கொடுத்துப் பாருங்கள். அதை உங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் காட்டி, ‘இதை எழுதியவருக்கு உங்கள் தொழில் தெரியுமா?’ என்று கேளுங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

டிசம்பரோடு ஒப்பந்தம் முடிந்தது. அப்போது எனக்கு இருந்த வாடிக்கையாளர்கள் 14 பேர், எல்லாரும் தெரிந்தவர் மூலமாகவோ வாய்வழியாகவோ வந்தவர்கள். பதற்றத்தில் அடுத்த தப்பைச் செய்தேன். 8,000 மின்னஞ்சல் முகவரி கொண்ட பட்டியல் ஒன்றை விலைக்கு வாங்கி, 2024 பிப்ரவரியில் நாளுக்கு 2,000 என்று நான்கு நாளில் நம் கட்டுரைகளைத் தூக்கி எல்லாருக்கும் அனுப்பினேன். சரியாக அந்த மாதம்தான் ஜிமெயில் தன் விதிகளை இறுக்கியிருந்தது, ஸ்பேம் என்று புகார் செய்பவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்தில் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும், நீங்கள் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். யாரென்றே தெரியாத ஒருவன் அனுப்பிய மின்னஞ்சலை எத்தனை பேர் அழுத்தியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மின்னஞ்சல் விழலுக்கு இறைத்த நீராகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு நான் என் சொந்த வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய பில்கூட ஸ்பேம் பெட்டிக்குப் போக ஆரம்பித்தது. ‘இந்த மாதம் பில் வரவே இல்லையே’ என்று இரண்டு பேர் போன் செய்த பிறகுதான் விஷயமே புரிந்தது. என் மெயில்கள் மறுபடி ஒழுங்காகப் போய்ச் சேர ஏழு வாரம் ஆனது. பட்டியல் வாங்காதீர்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல வேறொன்றும் இருக்கிறது: கேட்டு வாங்கிய முகவரிகளுக்கே என்றாலும் மொத்தமாக அனுப்புவதைத் தனியாக ஒரு துணை டொமைனிலிருந்து (உங்கள் தள முகவரிக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்து உருவாக்கும் தனி முகவரி) அனுப்புங்கள், பில்லும் பாஸ்வேர்டும் போகிற முகவரியோடு அதைக் கலக்காதீர்கள்.

அதே வருடம் மார்ச் 5-ல் தொடங்கி ஏப்ரல் 19 வரை கூகுள் ஒரு பெரிய அப்டேட் செய்தது. தேடலில் மேலே வருவதற்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் சரி இயந்திரம் எழுதினாலும் சரி, விதிமீறல் என்று ஸ்பேம் விதிகளிலும் சேர்த்தது. எனக்குத் தனியாக எந்த நோட்டீஸும் வரவில்லை. ஆனால் மே மாதம் பார்த்தபோது ஏஜென்சி எழுதிய பக்கங்களுக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சம் ஆட்களில் கால்வாசிதான் மிச்சம். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அழுகைகூட வரவில்லை. மறுபடி வேலை தேட வேண்டியதுதான் என்று பழைய பயோடேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம்தான் ஒரு போன் வந்தது. இரண்டு கிடங்கு வைத்திருப்பவர், டெமோ வேண்டும் என்றார். பேசி முடித்து, வாங்குவதாகச் சொன்ன பிறகு, ஒரு ஆசையில், ‘சார், எங்கள் கட்டுரை எதைப் படித்துவிட்டு வந்தீர்கள்?’ என்று கேட்டேன். ‘கட்டுரையா? அதெல்லாம் நான் பார்க்கவில்லை. நீங்கள் என் நண்பருக்கு ஒரு மெயில் போட்டிருந்தீர்களே, இருப்பு ஏன் ஒத்துவரவில்லை என்று. அவர் எங்கள் குரூப்பில் போட்டார், நாங்கள் நாலைந்து பேர் அதைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறோம்’ என்றார்.

எந்த மெயில் என்றே எனக்கு நினைவில்லை. தேடி எடுத்தேன். நான்கு மாதம் முன்பு ஒரு வாடிக்கையாளர், கணினியில் ஒரு எண் காட்டுகிறது, அலமாரியில் எண்ணினால் வேறு எண் வருகிறது, உங்கள் மென்பொருள் சரியில்லை என்று கோபமாக எழுதியிருந்தார். அதற்கு ராத்திரி உட்கார்ந்து நான் எழுதிய நீண்ட பதில். சரக்கு பெட்டியாக வருகிறது, ஒரு பெட்டியில் 12, ஆனால் விற்பது ஒவ்வொன்றாக. வரவு வைக்கும் பையன் 5 என்று போட்டால் அவன் மனதில் 5 பெட்டி, கணினிக்கு 5 பொருள்தான், அலமாரியில் 60 இருக்கிறது. சாயங்காலம் வந்த சரக்கை அலமாரியில் அடுக்கிவிட்டு மறுநாள் காலையில் வரவு வைத்தால், இடையில் விற்றது மைனஸில் போய் நிற்கும். வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்ததை யாரும் பதிவு செய்யாமல் பழைய இடத்திலேயே வைத்துவிடுவார்கள். இவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, வருடத்துக்கு ஒருமுறை கடையை மூடி எல்லாவற்றையும் எண்ணுவதற்குப் பதிலாக வேகமாக நகரும் பத்துப் பொருளை மட்டும் தினமும் எண்ணினால் தப்பு எந்த நாளில் நடந்தது என்று எப்படிப் பிடிக்கலாம், இதெல்லாம் அதில் இருந்தது. என் மென்பொருளை வாங்குங்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

இருநூறுக்குப் பக்கத்தில் கட்டுரை எழுதியும் எழுத வைத்தும் கிடைக்காதது, கோபத்தில் வந்த ஒரு மெயிலுக்கு எழுதிய பதிலில் கிடைத்திருந்தது. பிறகு கீவேர்ட் கருவியில் அந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்தேன், மாதத் தேடல் 0 என்று காட்டியது. இப்படிப்பட்ட பூஜ்யங்களையெல்லாம் நான் முதல் வருடம் முழுக்கத் தள்ளிவிட்டுப் போயிருந்தேன். தொழில் செய்பவர் தன் தலைவலியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்பார், அதனால் எந்த ஒரு வாக்கியத்துக்கும் எண் சேராது. கருவி சொல்வது பொய் என்று சொல்லவில்லை, அது எண்ணுவது வேறு ஒன்றை.

ஜூன் மாதம் முழுக்கப் புதிதாக எதுவும் எழுதவில்லை. வந்த மெயில்கள், போனில் பேசும்போது எடுத்த குறிப்புகள், டெமோவுக்குப் பிறகு ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று போனவர்கள் கடைசியாகக் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். அவர்கள் வார்த்தையிலேயே எழுதினேன், அது முக்கியம். நான் ‘சரக்கு மேலாண்மை’ என்று எழுதிக்கொண்டிருந்தேன், 400 மெயிலில் ஒருவர்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. ‘ஸ்டாக் டேலி ஆகவில்லை’ என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். கேள்விகள் இரண்டு குவியலாகப் பிரிந்தன. வாங்க முடிவெடுத்துவிட்டவர்கள் கேட்பது ஒன்று: விலை எவ்வளவு, பழைய எக்செல் பட்டியலை அப்படியே ஏற்ற முடியுமா, இன்டர்நெட் போனால் என்ன ஆகும், நடுவில் விட்டால் என் தரவு திரும்பக் கிடைக்குமா. இன்னொரு குவியல், மென்பொருள் வேண்டும் என்றே இன்னும் நினைக்காதவர்களுடையது: ஸ்டாக் ஏன் குறைகிறது, பையன் திருடுகிறானா, எண்ணுவதற்கே ஞாயிற்றுக்கிழமை போகிறதே. முதல் குவியல் இன்றைக்கு விற்பனை கொடுக்கும், இரண்டாவது குவியல்தான் நாளைக்குத் தேவையை உண்டாக்கும். நான் இரண்டையும் விட்டுவிட்டு எக்செல் தேதியில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த இரண்டாவது குவியல் ஏன் மெதுவாகவே பலன் தரும் என்பதற்கு, சந்தைப்படுத்தல் பற்றி ஆராயும் எரன்பெர்க்-பாஸ் ஆய்வு நிறுவனத்தின் ஜான் டாஸ் 2021-ல் ஒரு எளிய கணக்குச் சொன்னார். ஒரு நிறுவனம் ஏதோ ஒரு சேவையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் 20 சதவீதம் பேர், ஒரு காலாண்டில் 5 சதவீதம் பேர்தான் வாங்குகிற நிலையில் இருப்பார்கள். மீதி 95 சதவீதம் பேர் நீங்கள் என்ன கத்தினாலும் இன்று வாங்கப் போவதில்லை, நேரம் வரும்போது உங்கள் பெயர் நினைவுக்கு வந்தால் உண்டு. அந்தக் கணக்கை முன்பே பார்த்திருந்தால் ஆறு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன், இன்னும் விற்கவில்லையே என்று பட்டியல் வாங்கவும் ஓடியிருக்க மாட்டேன்.

ஒன்பதே கட்டுரை எழுதினேன், நான்கு மாதத்தில். அந்த மெயிலை விரித்து முதல் கட்டுரையாகப் போட்டேன், கூடவே தினசரி எண்ணிக்கைக்கான ஒரு தாளையும் இலவசமாக வைத்தேன், எங்கள் மென்பொருள் இல்லாமலே பயன்படுத்தலாம். விலையை ஒளிக்காமல் ஒரு பக்கத்தில் எழுதினேன், எதனால் கூடும் எதனால் குறையும் என்பதோடு. போட்டியாளர் பார்த்துவிடுவாரே என்று பயமாகத்தான் இருந்தது, அவருக்கு அது எப்போதோ தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது. விலைப் பக்கம் வந்த பிறகு போன் குறைந்தது, ஆனால் போன் செய்தவர்களில் பாதிப் பேர் முடிவோடு வந்தார்கள். ‘இந்த மென்பொருள் யாருக்கு வேண்டாம்’ என்று ஒன்று எழுதினேன், மூலப்பொருள் வாங்கி உற்பத்தி செய்பவர்களுக்கு இது சரிவராது என்று வெளிப்படையாகச் சொல்லி. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் நம்பினோம் என்று இதுவரை மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். ஏஜென்சியின் 120 கட்டுரையில் 112-ஐ நீக்கினேன். ஒரே ராத்திரியில் நீக்கினேன், அவ்வளவு நிம்மதியாகத் தூங்கி மாதக்கணக்கு ஆகியிருந்தது. நீங்கள் அப்படிக் குருட்டுத்தனமாக நீக்காதீர்கள், வேறு யாராவது தங்கள் தளத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் (லிங்க்) கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்து, கொடுத்திருந்தால் அந்தப் பக்கத்தைப் பொருத்தமான வேறொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். நான் அதைப் பார்க்காமல் நல்ல இணைப்பு இரண்டை இழந்தேன்.

உடனே எதுவும் நடக்கவில்லை. செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் இரண்டு. நவம்பரிலிருந்துதான் மாதம் ஏழெட்டு விசாரிப்பு என்று நிலைப்பட்டது. தளத்துக்கு வருபவர்கள் எண்ணிக்கை முன்பைவிட மிகக் குறைவு. விசாரிப்புப் படிவத்தில் ‘எங்களைப் பற்றி எப்படித் தெரிய வந்தது?’ என்று ஒரு காலிப் பெட்டி வைத்தேன், தேர்வு செய்யும் பட்டியல் வைக்கவில்லை, அவர்களே எழுதட்டும் என்று. தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் அனலிடிக்ஸ் கருவி, எங்கிருந்து வந்தார் என்று தெரியாமல் ‘நேரடி வருகை’ என்று காட்டும் ஆளே அந்தப் பெட்டியில் ‘அண்ணன் அனுப்பிய எண்ணிக்கைத் தாள்’ என்று எழுதுகிறார். குரூப்பில் பகிர்ந்ததையும் பிரின்ட் எடுத்து ஒட்டியதையும் எந்தக் கருவியும் பிடிக்காது. இப்போது மாதக் கடைசியில் நான் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான், வரைபடத்தை எப்போதாவது.

2025 தொடக்கத்தில் வாடிக்கையாளர் எண்ணிக்கை 31 ஆனது. பெரிய எண் இல்லை, ஆனால் வீட்டுச் செலவு அதிலிருந்தே ஓடுகிறது, பயோடேட்டாவை மூடிவிட்டேன். போன சேமிப்பு இன்னும் திரும்பவில்லை, அதற்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும் போலிருக்கிறது.

அந்த எக்செல் தேதிக் கட்டுரையை மட்டும் நீக்கவில்லை. நல்ல கட்டுரைதான், தப்பு அதன் மேல் இல்லை. இன்றும் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் வந்து தேதியைச் சரிசெய்துகொண்டு போகிறார்கள், போன வாரம் ஒருவர் நன்றி சொல்லி மெயில்கூட அனுப்பியிருந்தார். கிடங்கு வைத்திருக்கிறீர்களா என்று பதிலில் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் கை துறுதுறுத்தது, கேட்கவில்லை.